ரவுட்டர் இருக்கிறதே, ஃபயர்வால் எதற்கு?

2003 ஆகஸ்ட் 11-ஆம் தேதி தொடங்கி, உலகெங்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்ற ஆரம்பித்தது. கணினி இன்னும் 60 விநாடியில் அணைந்துவிடும், செய்த வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்றது அது. விநாடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கணினி அணைந்து மறுபடி எழுந்து, இணையத்தில் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே பெட்டி. பாதிக்கப்பட்டவர்கள் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் எதையும் திறந்திருக்கவில்லை. எதையும் தரவிறக்கியிருக்கவும் இல்லை. இணைப்பில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பிளாஸ்டர் என்று பெயர் பெற்ற கணினிப் புழுவின் வேலை அது. தொற்றிய கணினியில் உட்கார்ந்துகொண்டு அது இணைய முகவரிகளை, ஒரு சமயத்தில் இருபதாக, தட்டிப் பார்க்கும். தட்டுகிற இடம் எப்போதும் 135-ஆம் போர்ட். ஒவ்வொரு கணினியிலும் 0 முதல் 65,535 வரை போர்ட் எண்கள் உண்டு. ஒரு நிரல் எந்த எண்ணில் காத்திருக்கிறதோ அந்த எண்ணுக்கு வரும் தகவல் பொட்டலம் அந்த நிரலிடம் போய்ச் சேரும். 135-இல் காத்திருந்தது, ஒரு கணினி இன்னொரு கணினியிடம் வேலை ஏவுவதற்கான விண்டோஸ் சேவை. அப்படி ஒன்று தன் கணினியில் ஓடுவதே வீட்டுக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்தச் சேவையில் ஒரு பிழை இருந்தது: எதிர்பார்த்ததைவிட நீளமான ஒரு பெயரை அனுப்பினால் அதற்கு ஒதுக்கிய நினைவகம் நிரம்பி வழியும், வழிந்த பகுதி கட்டளையாக இயங்கும்.

புழு அந்த நீளமான பெயரை அனுப்பியது. அடுத்த கணம் பாதிக்கப்பட்ட கணினியில் 4444-ஆம் போர்ட் திறந்துகொண்டது. 'என்னிடம் ஒரு கோப்பு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்' என்ற ஆணை அதன் வழியே போனது. கணினி தானே போய் எடுத்துவந்தது, தானே இயக்கியது, தானும் இருபது இருபதாக முகவரிகளைத் தட்டத் தொடங்கியது. அந்தக் கோப்பின் அளவு 6,176 பைட். எதிரில் இருப்பது எக்ஸ்பியா விண்டோஸ் 2000-மா என்பதைப் புழு ஊகித்துத்தான் தாக்கும். ஊகம் தவறினால் சேவை செத்துவிழும், அது விழுந்தால் எக்ஸ்பி தன்னை அணைத்துக்கொள்ளும். 60 விநாடிப் பெட்டி வந்தது இதனால்தான். இந்தப் பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. 26 நாள் கழித்தும் கோடிக்கணக்கான கணினிகள் அதை நிறுவியிருக்கவில்லை.

ஆனால் அதே ஆகஸ்டில், அதே எக்ஸ்பியோடு, அதே திருத்தம் நிறுவாத கணினியோடு, ஒன்றுமே நடக்காத வீடுகளும் இருந்தன. அங்கெல்லாம் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் ஒரு ரவுட்டர் இருந்தது. இரண்டு மூன்று கணினிகளுக்கு ஒரே இணைப்பைப் பங்கிடத்தான் அதை வாங்கியிருந்தார்கள். அது எப்படிப் புழுவை நிறுத்தியது? அதைப் புரிந்துகொண்டால், ரவுட்டர் எதை நிறுத்தும், எதை நிறுத்தாது என்பது இரண்டும் விளங்கிவிடும்.

இணைய முகவரி முறையின் நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. இது போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஒரு குறுகியகால ஏற்பாட்டை எழுதி வெளியிட்டார்கள். வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வெளியுலகில் ஒரே முகவரி; உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனி உள்முகவரிகள். நடுவில் இருக்கும் பெட்டி போகிற பொட்டலத்தின் அனுப்புநர் முகவரியை மாற்றி அனுப்பும், வருகிற பதிலைத் திருப்பி மாற்றி உரியவரிடம் சேர்க்கும். முகவரி மாற்றம் என்று இதைச் சொல்லலாம். துறையில் 'நாட்' என்பார்கள். முகவரித் தட்டுப்பாட்டுக்காகப் பிறந்த யோசனை இது. பாதுகாப்பு இதன் நோக்கம் இல்லை.

உங்கள் கணினியின் உள்முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். கணினி 51514 என்ற போர்ட்டிலிருந்து அந்தத் தளத்தின் 443-ஆம் போர்ட்டுக்குப் பேசுகிறது. ரவுட்டர் இதைத் தன் அட்டவணையில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது. பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்து உங்கள் கணினிக்கு அனுப்புகிறது. இப்போது எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டர் 135-ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. அட்டவணையில் அதற்கு வரி இல்லை. வீட்டில் இருக்கும் ஐந்தாறு கருவிகளில் யாருக்கு இதைக் கொடுப்பது? தெரியாது. பொட்டலம் அங்கேயே விழுந்துவிடுகிறது. லாட்ஜ் வரவேற்பு மேசையில் இருப்பவர், அறை எண் சொல்லத் தெரியாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவது போன்றது இது. அவர் அந்தப் பொட்டலத்தைச் சோதிக்கவில்லை. கொண்டுவந்தவர் நல்லவரா கெட்டவரா என்றும் யோசிக்கவில்லை. எந்த அறை என்று தெரியவில்லை, அதனால் மேலே விடவில்லை. அறைக்குள்ளிருந்து யாராவது சொல்லியனுப்பிய சாப்பாடு என்றால், அதில் என்ன கலந்திருந்தாலும் அது மேலே போய்விடும்.

பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் இந்த முகவரி மாற்றத்தோடு சேர்த்து ஒரு எளிய ஃபயர்வாலும் இருக்கிறது என்பது உண்மை. அதுவும் இதே அட்டவணையை வைத்துத்தான் முடிவெடுக்கிறது: உள்ளிருந்து தொடங்கிய பேச்சுக்குப் பதிலா, வெளியிலிருந்து தானாக வந்ததா? இந்த ஒரு கேள்விக்கு மேல் அது அதிகம் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் அந்த ஒரு கேள்வியே மிகப் பெரிய காவலாக இருந்தது. 2004-இல் சான்ஸ் நிறுவனத்தின் இணைய கண்காணிப்பு மையம் போட்ட கணக்கின்படி, திருத்தங்கள் நிறுவாத ஒரு விண்டோஸ் கணினியை நேரடியாக இணையத்தில் விட்டால் அது சராசரியாக 20 நிமிடம்தான் தாங்கும். திருத்தங்களைத் தரவிறக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். புது விண்டோஸை நிறுவி, அதைச் சரிசெய்யக் கோப்புகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே புழு பிடித்துவிடும். நடுவில் ரவுட்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டில் விளக்கெரியும் பெட்டி இருந்தாலே அது ரவுட்டராக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. இந்தியாவில் 2005-இல் பிஎஸ்என்எல் அகலப்பட்டை இணைப்பு வந்தபோது, பல வீடுகளில் மோடத்தை வெறும் பாலமாக அமைத்துவிட்டு, கணினியிலேயே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அடித்து 'டயல்' செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் வெளியுலக முகவரி நேரே கணினிக்கே வந்துவிடும். பெட்டியில் முகவரி மாற்றம் எதுவும் நடக்காது. நடுவில் ஒரு கருவி இருக்கிறது என்ற நிம்மதியோடு, உண்மையில் திறந்தவெளியில் இருந்தவர்கள் அவர்கள்.

கணினிக்குள்ளேயே ஓடும் ஃபயர்வாலின் கதைக்கும் பிளாஸ்டர்தான் திருப்புமுனை. எக்ஸ்பி 2001-இல் வெளிவந்தபோதே அதில் ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்துவைக்கப்பட்டு, பிணைய அமைப்புகளின் உள்பக்கம் ஒன்றில் ஒரு சதுரமாக ஒளிந்திருந்தது. அந்தச் சதுரத்தில் ஒரு டிக் அடித்திருந்தால் பிளாஸ்டரின் முதல் தட்டே உள்ளே வந்திருக்காது. பிளாஸ்டருக்குப் பின், 2004 மே மாத வாக்கில் 445-ஆம் போர்ட் வழியே சாசர் புழுவும் வந்துபோன பின், ஆகஸ்டில் வெளியான எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பில் மைக்ரோசாஃப்ட் அந்த ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி மாற்றியது. இணைய வரலாற்றில் சாதாரண மக்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு மேம்பாடுகளில் ஒன்று இந்த ஒரு டிக் என்பது என் கருத்து. யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, வாங்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். ரவுட்டர் வெளியிலிருந்து வரும் தட்டல்களை நிறுத்திவிடுகிறது என்றால் கணினிக்குள் இருக்கும் ஃபயர்வாலுக்கு என்ன வேலை மிச்சம்?

வீட்டுக்குள்ளிருந்து வரும் தட்டல்கள்தான் மிச்சம். ரவுட்டரின் அட்டவணை வெளிக்கும் உள்ளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. உங்கள் மேசைக் கணினிக்கும் மகளின் மடிக்கணினிக்கும் நடுவில் எந்த அட்டவணையும் இல்லை. ஒரே வைஃபையில் இருப்பவை நேராகப் பேசிக்கொள்ளும். 2017 மே 12-ஆம் தேதி பரவிய வன்னாக்ரை என்ற புழு இந்த இடைவெளியில்தான் விளையாடியது. ஒரு கணினிக்குள் வந்துவிட்டால் அதே பிணையத்தில் 445-ஆம் போர்ட் திறந்திருக்கும் எல்லாவற்றுக்கும் தாவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது பயன்படுத்திய பிழைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது என்பதை மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் புழு இன்னும் பாடம் நிறைந்தது. அது பென் டிரைவில் ஏறியும் வீட்டுக்குள் வந்தது. ரவுட்டர் பார்க்கவே முடியாத வழி அது. உள்ளே வந்தபின் பக்கத்துக் கணினிகளைத் தாக்கியதோடு நிற்கவில்லை. விளையாட்டுகளுக்கும் வீடியோ அழைப்புகளுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று வீட்டு ரவுட்டர்களில் யுபிஎன்பி என்ற ஏற்பாடு வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் எந்த நிரலும் 'இந்தப் போர்ட்டை எனக்காகத் திற' என்று கேட்டால் ரவுட்டர் கடவுச்சொல் கேட்காமல் திறந்துவிடும். கான்ஃபிக்கர் அப்படிக் கேட்டது. ரவுட்டர் திறந்துவிட்டது.

ரவுட்டரை வெளியிலிருந்தே ஏமாற்றும் வழியும் உண்டு. 2020 அக்டோபர் இறுதியில் சமி கம்கர் என்ற ஆய்வாளர் ஒன்றைச் செய்துகாட்டினார். நீங்கள் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் உங்கள் உலாவியை வைத்து, இணையத் தொலைபேசி அழைப்பு போலத் தோன்றும் ஒரு பொட்டலத்தை வெளியே அனுப்பவைக்கிறது. ரவுட்டர்களில் பல, அழைப்புகளுக்கு உதவுவதற்காக அத்தகைய பொட்டலத்தின் உள்ளடக்கத்தைப் படித்து, அதில் எழுதியிருக்கும் போர்ட்டை வெளியிலிருந்து வருபவர்களுக்குத் திறந்துவிடும். எந்தப் போர்ட் என்பதை எழுதியது தாக்குபவர். அது 445-ஆக இருக்கலாம். உலாவி நிறுவனங்கள் அவசரமாக அந்த வழியை அடைத்தன. சில மாதங்களில் இதன் இரண்டாம் வடிவம் வந்தது. வலைப்பக்கத்தைத் திறந்த கணினியோடு விடாமல், அதே வீட்டில் இருக்கும் வேறு கருவிகளையும் அது எட்டியது. ரவுட்டர் இப்படித் தவறான வரியை அட்டவணையில் எழுதிவிட்டால், அதற்கப்புறம் நிற்பது கணினியின் சொந்த ஃபயர்வால் மட்டுமே.

வீட்டு வைஃபையில் இன்று கணினிகள் சிறுபான்மை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொலைக்காட்சி, கேமரா, பிரிண்டர், குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர் எல்லாம் அதில் இருக்கின்றன. 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. இந்தக் கருவிகளில் நீங்கள் ஃபயர்வால் நிறுவ முடியாது. பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் திருத்தங்களும் வருவதில்லை. அவற்றோடு ஒரே பிணையத்தில் வாழ்கிற கணினி தன்னைத் தானேதான் காத்துக்கொள்ள வேண்டும். ரவுட்டரே கூட நம்பத்தக்கதாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை: 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் குடியேறியிருந்ததை சிஸ்கோவின் டாலோஸ் குழு கண்டறிந்தது.

மடிக்கணினி வீட்டைவிட்டு வெளியே போவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. விடுதி வைஃபை, ரயில் நிலைய வைஃபை, கல்லூரிப் பிணையம் எதிலும் உங்கள் ரவுட்டர் கூட வருவதில்லை.

இந்திய வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. முகவரி முறையின் ஆறாம் பதிப்பைப் பயன்படுத்துவதில் உலகில் முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கைபேசி நிறுவனங்கள் வழியாக அது நமக்கே தெரியாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆறாம் பதிப்பில் முகவரிக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் ஒரே துண்டில், நான்காம் பதிப்பின் மொத்த முகவரிகளைப் போல 400 கோடி மடங்குக்கு மேல் இருக்கும். அதனால் முகவரி மாற்றம் தேவையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் சொந்த முகவரி. லாட்ஜ்காரருக்கு இருந்த குழப்பமே இங்கு எழாது. பொட்டலத்தின் மேலேயே அறை எண் எழுதியிருக்கும். ரவுட்டரில் ஃபயர்வால் விதி ஒன்று தனியாக இருந்தால்தான் அது நிற்கும். நல்ல ரவுட்டர்கள் அந்த விதியோடுதான் வருகின்றன. எல்லாமே அப்படி என்று சொல்ல முடியாது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தாலும் அதற்கு இத்தகைய சொந்த முகவரி கிடைப்பதுண்டு.

அவ்வளவு பெரிய முகவரிப் பரப்பில் யார் வந்து தேடப்போகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் கணிசமான உண்மை இருக்கிறது. நான்காம் பதிப்பின் முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் காட்டினார்கள். ஆறாம் பதிப்பில் ஒரே ஒரு வீட்டின் துண்டை விநாடிக்கு 10 லட்சம் வீதம் தட்டினாலும் 5 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் நீங்கள் போகும் ஒவ்வொரு தளமும் உங்கள் முகவரியைப் பார்க்கிறது. தேடத் தேவையில்லாதபோது பரப்பின் அளவு உதவாது.

இதுவரை உள்ளே வருவதைப் பற்றிப் பேசினோம். வெளியே போவதைத் தடுப்பதற்காகத்தான் பலர் தனியாக ஃபயர்வால் மென்பொருள் வாங்குகிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் சோன்அலார்ம் இதைப் பிரபலமாக்கியது. எந்த நிரல் இணையத்துக்குப் போக முயன்றாலும் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கும். இதில் ஓர் அழகான கருத்து இருக்கிறது: எந்த நிரல் பேசுகிறது என்பது கணினிக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. 443-ஆம் போர்ட்டுக்குப் போகும் பொட்டலம் உலாவியுடையதா, கடவுச்சொல் திருடும் நிரலுடையதா என்று அது பிரித்தறியாது.

ஆனாலும் நடைமுறையில் இது நான் எதிர்பார்க்கும் அளவு பலன் தருவதில்லை. 'எஸ்விசிஹோஸ்ட் இணையத்தை அணுக விரும்புகிறது' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அது விண்டோஸின் பத்துப் பதினைந்து சேவைகளைச் சுமக்கும் நிரல். மறுத்தால் ஏதாவது நின்றுபோகும். நான்காவது முறை கேட்கும்போது யாரும் படிக்காமலே அனுமதித்துவிடுவார்கள். கெட்ட நிரலும் தன் சொந்தப் பெயரில் வந்து நிற்காது; உலாவிக்குள் புகுந்து அதன் பெயரில் பேசும். நிர்வாகி உரிமை கிடைத்துவிட்டால் ஃபயர்வாலையே அணைத்துவிடும். பிளாஸ்டர் கோப்பை எடுக்க வெளியே போனதை இத்தகைய ஃபயர்வால் தடுத்திருக்கும் என்பது சரிதான். ஆனால் அதற்குள் அந்நியரின் கட்டளை கணினியில் ஓடி முடிந்திருந்தது.

காசு கொடுத்து வாங்கிய காவலே கதவாக மாறியதும் நடந்திருக்கிறது. பிளாக்ஐஸ் என்ற ஃபயர்வாலும் அதே நிறுவனத்தின் வேறு பாதுகாப்பு மென்பொருள்களும் பொட்டலங்களை நுணுக்கமாகப் படித்துச் சோதித்தன. அந்தப் படிக்கும் பகுதியில் ஒரு பிழை இருப்பது 2004 மார்ச் 18-ஆம் தேதி வெளியே தெரிந்தது. மறுநாளே விட்டி என்ற புழு கிளம்பியது. ஒரே ஒரு பொட்டலம், திறந்த போர்ட் கூடத் தேவையில்லை. ஃபயர்வால் அதைப் படித்ததே போதும். சுமார் 12,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. வன்தட்டில் கண்ட இடத்தில் குப்பையை எழுதி அவற்றை மெல்ல மெல்ல அழித்தது அந்தப் புழு. பாதுகாப்பில் அக்கறை கொண்டு ஃபயர்வால் நிறுவியவர்கள் மட்டுமே அதற்கு இரையானார்கள். பொட்டலத்தைப் படிக்கிற ஒவ்வொரு வரி நிரலிலும் பிழை இருக்கலாம். அடுக்கடுக்காக மென்பொருளைச் சேர்ப்பதில் இந்த ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான். இயங்குதளத்தோடு வரும் ஃபயர்வாலை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லை, விளையாட்டு இணையவில்லை என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் வழிவிடுங்கள். வீட்டுக் கணினிக்குத் தனியாக இன்னொன்று வாங்கத் தேவையில்லை. மேக் கணினியில் ஃபயர்வால் பொதுவாக அணைத்தே வருகிறது, அமைப்புகளுக்குள் போய் இயக்கிக்கொள்ளுங்கள். உபுண்டுவிலும் அணைந்தே இருக்கும். ஆனால் புதிதாக நிறுவிய உபுண்டுவில் வெளிப் பிணையத்துக்காகக் காத்திருக்கும் சேவை பெரும்பாலும் இராது என்பதால் அவசரமில்லை. நீங்களாக ஏதாவது சேவையை நிறுவினால் அன்றே இயக்கிவிடுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி தேவைப்படாதவர்கள் அதை அணைத்துவிடலாம்.

விண்டோஸில் கவனிக்க வேண்டிய இடம் பிணையத்தின் வகை. புது வைஃபையில் சேரும்போது அது 'தனியார்' பிணையமா 'பொது' பிணையமா என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது. தனியார் என்றால் கோப்புப் பகிர்வு இயக்கத்தில் இருக்கும்போது 445 போன்ற போர்ட்டுகளை வீட்டில் உள்ள மற்றக் கருவிகளுக்குத் திறந்துவைக்கும்; வன்னாக்ரை தாவியது போன்ற பாதை அது. பொது என்றால் அவற்றை மூடிவைக்கும். கணினிகளுக்கு நடுவே கோப்புகளைப் பகிராதவர்கள் சொந்த வீட்டு வைஃபையையும் 'பொது' என்றே வைத்திருக்கலாம். இணையம் பார்ப்பதற்கோ வீடியோ அழைப்புக்கோ அதனால் ஒரு குறையும் வராது. ஒரு நிரல் முதன்முதலாகப் போர்ட் திறக்க முயலும்போது விண்டோஸ் காட்டும் பெட்டியிலும் இதே இரண்டு வகைக்கும் அனுமதி கேட்கப்படும். அங்கே கொடுக்கும் ஒவ்வொரு அனுமதியும் ஒரு விதியாகப் பட்டியலில் ஏறுகிறது. அந்த நிரலை நீக்கிய பிறகும் பல சமயம் விதி அப்படியே கிடக்கும். ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, என்றோ விளையாடி விட்ட விளையாட்டுகளின் பெயர்கள் இருந்தால் ஒவ்வொன்றாக நீக்கிவிடுங்கள்.